சொல்லுக்கு மேல் தமிழில் எழுதிப் படிக்கும் மகளுக்கு ஆங்கிலம் வாசிக்க வருமா?

தேவகோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மற்றப் பாடங்களில் எழுபதுக்குக் குறையாதவள், அரையாண்டில் ஆங்கிலத்தில் மட்டும் 38 வாங்கியிருக்கிறாள். கட்டுரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறாள். முன்பின் பாராத ஒரு பத்தியைக் கொடுத்தால் வாசிக்க வரவில்லை. நாளுக்கு இருபது சொற்களுக்குப் பொருள் எழுதிப் படிக்கிறாள். அடுத்த வாரம் கேட்டால் நான்குகூடத் தேறுவதில்லை. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டுதான் படிக்கிறாள் என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். பொதுத்தேர்வுக்கு ஏறத்தாழ 10 வாரம் இருக்கும் நிலையில் காரைக்குடியில் ஏதேனும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்பது அவர் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று கேட்பது போல் இருக்கிறது. ஆனால் தம் பிள்ளைக்கு ஞாபகசக்திதான் குறைவோ என்ற அச்சமே அதற்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

காரைக்குடி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகள் வாசித்து நான் கேட்டதில்லை. ஒரு பிள்ளை வாசிப்பதைப் பத்து நிமிடம் கேட்காமல் அவளுடைய குறை இன்னதென்று அறுதியிடுவது சரியாகாது. ஆகவே கீழே சொல்பவற்றுள் இத்துறையில் நிலைபெற்ற செய்தி எது, என் அனுபவத்தில் கண்டது மட்டும் எது என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

நிலைபெற்ற செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தைப் பார்த்து அதன் ஒலியை எழுப்பும் திறன் ஒன்று. அந்த மொழி காதில் விழுந்தால் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கி வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளல். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னதில்தான் பொருள் இருக்கிறது, ஏனென்றால் இரண்டில் ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழியம்தான். பிள்ளைக்குச் சொற்பொருள் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நாம் இருபது இருபதாகப் பொருள் ஏற்றுகிறோம். பல வீடுகளில் பழுது முதல் பாதியில் இருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் ஒரு மாணவன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதை அறிந்திருப்பீர்கள். அவன் தகப்பனார் அப்படிப்பட்ட ஒரு கடையில் பழைய தேக்கு நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் அவனை எழுப்பி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். நன்றாக வந்துகொண்டிருந்தவன் ஓரிடத்தில் நின்றான். விரலை வைத்துக்கொண்டு, ‘ஃபுர்... னி... டு... ரே’ என்றான். பிறகு நிமிர்ந்து, ‘இதுக்கு என்ன சார் அர்த்தம்?’ என்று கேட்டான். எஃப்-யூ-ஆர்-என்-ஐ-டி-யூ-ஆர்-இ என்ற அந்தச் சொல்லை நான் ‘ஃபர்னிச்சர்’ என்று வாசித்துக் காட்டியதும், ‘அட, இதுதானா சார்? எங்க அப்பா தெனமும் இதுக்குத்தானே பாலிஷ் போடுறாங்க’ என்று சிரித்துவிட்டான். வகுப்பும் சிரித்தது. அவனிடம் அந்தச் சொல் பிறந்ததிலிருந்து இருக்கிறது, பொருளும் இருக்கிறது. தாளில் கிடந்த எழுத்துக்கும் காதில் இருந்த சொல்லுக்கும் நடுவே பாலம்தான் இல்லை. அன்று கரும்பலகையில் டி-யூ-ஆர்-இ என்று முடியும் பிக்சர், ஃபியூச்சர், கல்ச்சர், மிக்ஸ்சர் என்ற சொற்களை அந்த ஃபர்னிச்சருக்குக் கீழே எழுதினேன். நான் வாய் திறக்கும் முன்பே அவன் நான்கையும் வாசித்துவிட்டான்.

நம் பிள்ளைகளின் காதில் இப்படி நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் குடியிருக்கின்றன. உங்கள் மகளும் அப்படித்தான் இருப்பாள் என்று எண்ணுகிறேன். இது ஊகம்தான், ஆனால் மற்றப் பாடங்களை எழுபதுக்கு மேல் நினைவில் வைத்திருக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்துக்கு மட்டும் ஞாபகசக்தி குறையக் காரணமில்லை. வாசிக்க வராத சொல் அவள் கண்ணுக்கு வெறும் எழுத்துக் கோவை. ஒலியில்லாத கோவையை எவ்வளவு நெட்டுருப் போட்டாலும் மனத்தில் தொங்குவதற்கு ஆணி கிடைப்பதில்லை. அவள் மறப்பதற்கு இது போதுமான காரணம்.

இனி அந்தத் தமிழ் உச்சரிப்புப் பழக்கத்துக்கு வருகிறேன். உடனே நிறுத்த வேண்டியது அதுதான். ஒரு சோதனை செய்து பாருங்கள்: தாளில் ‘பேக்’ என்று தமிழில் எழுதி, இது எந்த ஆங்கிலச் சொல் என்று மகளிடம் கேளுங்கள். பள்ளிக்குத் தூக்கிப் போகும் பையா? பின்புறத்தையும் முதுகையும் குறிக்கும் சொல்லா? பொட்டலம் கட்டுவதா? அடுமனையில் ரொட்டி சுடுவதா? ஆங்கிலத்தில் நான்கும் வேறு வேறு எழுத்துக்கூட்டல், வேறு வேறு ஒலி; தமிழில் எழுதினால் நான்கும் ஒன்றே. காரணம் எளிது. தமிழில் தொண்டை அதிராமல் ஒலிக்கும் ப-வுக்கும் தொண்டை அதிர ஒலிக்கும் ப-வுக்கும் ஒரே எழுத்துதான். ‘பல்’ என்பதில் ஒருவிதமாகவும் ‘கம்பு’ என்பதில் வேறுவிதமாகவும் நாமே ஒலிக்கிறோம், இடம் பார்த்து மாற்றிக்கொள்வதால் கவனிப்பதில்லை. ‘கல்’, ‘தங்கம்’ ஆகியவற்றின் க-வும் அப்படித்தான். நம் மொழிக்கு அந்த ஏற்பாடு கச்சிதமாகப் போதும். ஆனால் ஆங்கிலத்தின் ஒலி வேறுபாடுகளை அந்த எழுத்துக்குள் ஊற்றினால் பாதி வழிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மேலே தமிழ் இருக்கும்போது கண் கீழே போவதே இல்லை. பிள்ளை ஆங்கிலப் பாடம் முழுவதையும் தமிழாகவே வாசித்து முடிக்கிறாள். தேர்வு நாளில் மேலே தமிழ் இல்லாத தாள் வருகிறது.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு அருகதை குறைவு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஏழெட்டு ஆண்டுகள் நானே கரும்பலகையில் ஆங்கிலச் சொல், தமிழ் உச்சரிப்பு, தமிழ்ப் பொருள் என்று மூன்று பத்தி போட்டு எழுதிக் கொடுத்தவன். தேர்ச்சி விழுக்காடு காட்டியாக வேண்டும், மெல்லக் கற்போருக்கு அது உடனே கைகொடுக்கிறது என்பது அப்போது என் சமாதானம். அந்தப் பிள்ளைகள் தேறினார்கள். பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதமே திணறினார்கள்.

அப்படியானால் எதைக் கற்றுக் கொடுப்பது? ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி ஏறத்தாழ 44. தமிழில் 247 எழுத்தும் தெரிந்துவிட்டால் தெரியாத சொல்லையும் வாசித்துவிடலாம். அங்கே அது முடியாது, எழுத்துக் கூட்டங்களைச் சேர்த்தே பழக வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்வது போல் முதலிலிருந்து தொடங்க இப்போது நேரமில்லை, தேவையும் இல்லை. அவள் காதில் ஏற்கெனவே உள்ள சொல்லைத் தாய்ச்சொல்லாக வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிடிக்கலாம். காரைக்குடி ஜங்ஷன் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் சொல்லின் கடைசி டி-ஐ-ஓ-என்; அதை ‘ஷன்’ என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றைக் கொண்டு ஸ்டேஷன், நேஷன், எஜுகேஷன், இன்விடேஷன் என்று பாடப்புத்தகத்தில் ஐம்பது சொற்களைத் திறக்கலாம். பழம்பொருள் கடைப் பலகையில் ஏ-என்-டி-ஐ-கியூ-யூ-இ என்று இருப்பதை ‘ஆண்டிக்யூ’ என்று வாசிக்காத பிள்ளை நம் ஊரில் குறைவு. அது ‘ஆன்டீக்’ என்று தெரிந்தவுடன் யுனீக், டெக்னீக் இரண்டும் கூடவே வந்துவிடும். கடைசியில் வரும் ஊமை இ அடுத்த குடும்பம்: எம்-ஏ-டி என்றால் பாய், அதன் பின்னால் ஓர் இ சேர்ந்தால் அந்த இ ஒலிக்காது, ஆனால் முன்னால் உள்ள ஏ-யின் ஒலியை மாற்றிவிடும், பொருளும் கூட்டாளி என்றாகிவிடும். இறந்தகாலத்தின் இ-டி மூன்று விதமாக ஒலிக்கும். நம் பிள்ளைகள் மூன்றையும் ‘எட்’ என்றே ஒலித்து, ‘வாக்கெட்’, ‘ஜம்பெட்’ என்பார்கள். எழுதியதையெல்லாம் ஒலிக்க வேண்டும் என்ற தமிழ் ஒழுங்கை அவர்கள் நேர்மையாகக் கடைப்பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படி இருபது இருபத்தைந்து குடும்பங்கள் போதும் என்பது என் அனுபவக் கணக்கு. இதற்கு அடங்காத சொற்களும் உண்டு. அவற்றை முகம் பார்த்துப் பழகுவது போலப் பழக வேண்டியதுதான்.

அடுத்தது வாய்விட்டு வாசித்தல். தினம் ஒரு பத்தி, ஏழெட்டு வரி, அதையே மூன்று முறை. முதல் முறை தடுக்கும். தடுக்கிய சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு மேலே போகட்டும். பிறகு அந்தச் சொற்களின் ஒலியைக் கைபேசி அகராதியின் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்டுவிட்டு இரண்டாம் முறை வாசிக்கட்டும். மூன்றாம் முறை கடிகாரம் பாருங்கள், வேகம் கூடியிருப்பது அவளுக்கே தெரியும். ஒரே பத்தியை மீண்டும் மீண்டும் வாசிப்பது சரளத்தை வளர்க்கிறது என்பது பல ஆய்வுகள் ஒப்புக்கொண்டது. எந்தப் புத்தகத்தை வாசிப்பது என்பதில்தான் பெற்றோர் தவறுகிறார்கள். ஆங்கில நாளிதழ் வாங்கிப் போடாதீர்கள். உதவியின்றி ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது சொற்கற்றல் ஆய்வில் பெரிதும் ஏற்கப்பட்ட அளவு. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். யாரேனும் உதவினால் 20-க்கு ஒன்று வரை தாங்கும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்து, பத்தாம் வகுப்புப் பாடம் எட்டாதென்றால் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்துக்கு இறங்குங்கள். அதுவும் தடுக்கினால் நான்காம் வகுப்புக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளை வெட்கப்படுவாள். அட்டை போட்டுக் கொடுங்கள், யாருக்கும் தெரியாது. முதல் நான்கு வாரம் அங்கேயே இருந்துவிட்டு மேலே ஏறலாம்.

சொற்களைப் பொறுத்தவரை நாளுக்கு இருபது என்பதை ஏழாகக் குறையுங்கள். 60 நாளில் 420 சொல், அது குறைவில்லை. நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்துப் பார்த்துப் படிப்பதை விடச் சீட்டு நல்லது. கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாளை நான்காக வெட்டினால் போதும். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருளும் பாடத்தில் அச்சொல் வந்த வரியும். வரியை விடக் கூடாது. ‘சேஞ்ச்’ என்றால் நமக்குச் சில்லறை, ‘கரண்ட்’ என்றால் மின்சாரம். பாடத்தில் முன்னது மாற்றமாகவும் பின்னது நீரோட்டமாகவோ நடப்பு என்ற பொருளிலோ வந்து நிற்கும். இந்தச் சீட்டுகளைக் கேட்க வேண்டியவர் நீங்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன், எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்று எழுதியிருக்கிறீர்கள், தெரிய வேண்டியதில்லை. தமிழ்ப் பக்கத்தை நீங்கள் வாசியுங்கள், அவள் ஆங்கிலத்தைச் சொல்லி எழுத்துக்கூட்டட்டும். சீட்டைத் திருப்பினால் சரியா தவறா என்று உங்களுக்கே தெரியும். தவறியது நாளைக்கு, சரியாகச் சொன்னது மூன்று நாள் கழித்து, அதுவும் சரியானால் ஒரு வாரம் கழித்து. அப்பத்தாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் அவர்களிடம் சீட்டைக் கொடுத்தாலும் ஆயிற்று. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனையில், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தினார்கள். உங்கள் மகள் இரவு படித்துவிட்டு ‘எல்லாம் வருகிறது’ என்று சொல்வதும் அடுத்த வாரம் கைவிரிப்பதும் இந்தச் சோதனையில் அப்படியே இருக்கிறது.

தேர்வின் கணக்கையும் பார்த்துவிடுவோம். அண்மை ஆண்டுகளின் அமைப்பில் நூற்றுக்கு நூறும் ஒரே தாள். 35 எடுத்தால் தேர்ச்சி. முதற்பகுதியின் 14 ஒரு மதிப்பெண் வினாக்களில் முதல் மூன்று ஒத்த பொருள், அடுத்த மூன்று எதிர்ப்பொருள்; பாட வரியிலேயே சொல்லை அடிக்கோடிட்டுக் கேட்பார்கள், ஆகவே வரியோடு எழுதிய சீட்டு நேராக இங்கே பயன்படும். கடைசிப் பகுதியில் பத்தியையோ கவிதையையோ வாசித்து விடையளிப்பதற்கு 8. அதற்குக் கேள்வியை முதலில் வாசித்து, அதிலுள்ள முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடி, அது உள்ள வரியையும் அதற்கு முன்பின் வரியையும் நிதானமாகப் படிக்கப் பழக்குங்கள். வழிகாட்டும் ரோட் மேப் வினா 2 மதிப்பெண். கொப்புடையம்மன் கோவிலிலிருந்து உங்கள் உறவினர் வீட்டுக்கு வழி வரைந்து நான்கைந்து முறை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் தீர்ந்தது. மனப்பாடப் பாடலுக்கு 5 இருக்கிறது. கட்டுரைகளையும் அவள் மனப்பாடத்தால்தான் தாங்கி நிற்கிறாள். பத்து வாரத்தில் அந்தத் தூணைப் பிடுங்க வேண்டாம். தேர்வறையில் வினாத்தாளை வாசிக்க மட்டும் தரும் 10 நிமிடத்தில் அந்த 8 மதிப்பெண் பத்தியை ஒரு முறை மனத்துக்குள் வாசித்துவிடச் சொல்லுங்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். விடுமுறையில் சேர்க்கலாம், இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. பேச்சு தேவையற்றது என்பதால் சொல்லவில்லை, இந்தத் தேர்வு கேட்பது வாசிப்பையும் எழுத்தையும். 1920-களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், வங்கப் பிள்ளைகளுக்கு முதலில் வாசிப்பையே கற்றுக் கொடுங்கள், விரைவில் கைகூடுவதும் நெடுநாள் பயன்படுவதும் அதுதான் என்று வாதிட்டார். அவருடைய எல்லாக் கருத்துகளையும் இன்று யாரும் ஏற்பதில்லை, பேச்சை அவர் பின்னுக்குத் தள்ளினார் என்ற குறை நியாயமானதே. ஆயினும் உங்கள் மகள் நிலையில் உள்ள பிள்ளைக்கு அவர் சொன்ன வரிசை பொருந்துகிறது. இப்படிச் செய்தால் இத்தனை மதிப்பெண் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தினமும் நாற்பது நிமிடம் விடாமல் செய்த பிள்ளைகள் பார்க்காத பத்தியை வாசிக்கத் தொடங்கியதை ஆறாவது ஏழாவது வாரத்தில் கண்டிருக்கிறேன்; எட்டு வாரமாகியும் நகராத சிலரையும் கண்டிருக்கிறேன்.

அப்படி நகராத பிள்ளைகளில் ஒருத்திக்குக் கண்ணாடி போட்டதும் சரியாயிற்று. எனவே முதல் வாரமே கண் பரிசோதனை செய்துவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தமிழிலும் அவள் எழுத்துகளை மாற்றி வாசிக்கிறாளா, வரி தவறுகிறாளா, சிறு வயதிலிருந்தே வாசிப்பு என்றால் ஒதுங்குகிறாளா? மற்றப் பாடங்களில் எழுபது எடுப்பவளுக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தால் அது டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம், அதை மருத்துவரோ உளவியலாளரோதான் சொல்ல வேண்டும், நானோ நீங்களோ இல்லை. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் ஐயம் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

புத்தகத்தில் அவள் எழுதி வைத்திருக்கும் தமிழ் உச்சரிப்பு பென்சிலில் இருந்தால் இன்று மாலையே ஒரு பாடத்தில் மட்டும் ரப்பரால் அழியுங்கள். பேனாவில் இருந்தால் அதே பாடத்தைக் கைபேசியில் தரவிறக்கித் திறந்து கொடுங்கள். அதன் முதல் பத்தியை அவள் வாசிக்கும்போது எந்தெந்தச் சொல்லில் நின்றாள் என்று குறித்து இங்கேயே எழுதினால், எந்தக் குடும்பத்திலிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.